கல் முதலாளியின் மகள் மரம் ஒட்டினாள்

கறிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, இனிமேல் காய்கறி மட்டும்தான் சாப்பிடுவேன் என்று தட்டைத் தள்ளிவைத்தால் அந்த வீடு எப்படியிருக்கும்? கல் முதலாளியின் வீடு அப்படித்தான் இருந்தது, மகள் மரத்தில் மேடை போட்டுத் தருவதாக ஆர்டர் எடுத்த அன்று. அதிலும் எங்கே வைத்து எடுத்தாள்? அப்பாவின் கடைக்குள்ளேயே, அப்பா காட்டிக்கொண்டிருந்த கல்லின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு.

முதலாளி சாதாரண வியாபாரி இல்லை. சமையலறை மேடைக்குக் கல் வாங்க வருகிறவர்களிடம் அவர் தன் சரக்கைப் புகழ்ந்ததே கிடையாது. விரல் முட்டியால் கல்லை ஒரு தட்டுத் தட்டுவார். அப்புறம் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நிற்பார். வந்தவரும் தலையைச் சாய்ப்பார். எதைக் கேட்கிறோம் என்று இருவருக்கும் தெரியாது. ஆனால் கல் விற்றுவிடும்.

இந்த வித்தை மகனுக்கு வரவில்லை. பெரியவன் நல்லவன். கடையில் உட்காரக் கூடாத அளவுக்கு நல்லவன். "இதைவிட நல்ல கல்லு எதிர்க்கடையில இருக்குங்க" என்று வந்தவரிடமே சொல்லிவிடுவான். சின்னவள் அப்படியில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில், அப்பா சாப்பிடப் போன நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்தவள், விலையைக் குறைக்க வந்த ஒருவரைப் படிக்கட்டுக் கல்லும் சேர்த்து வாங்கிப்போகும்படி செய்து அனுப்பினாள். அன்றைக்கு முதலாளி அவளுக்கு 'அடாவடி' என்று பேர் வைத்தார். பெருமையாகத்தான் வைத்தார். அது ஒருநாள் தன் பக்கமே திரும்பும் என்று எந்த அப்பனுக்குத் தெரியும்?

கல் எப்போதும் மரச்சட்டத்துக்குள் கட்டித்தான் வரும். எல்லோரும் சட்டத்தை உடைத்து எறிந்துவிட்டுக் கல்லைப் பார்ப்பார்கள். அடாவடி கல்லை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பார்த்தாள். ஆணியைப் பிடுங்கி, இழைத்து, முதலில் முக்காலி செய்தாள். பிறகு அலமாரி. கல்யாணத்துக்குப் பிறகு, கல் முற்றத்துக்குப் பின்னால் உடைந்த கற்கள் கிடந்த ஷெட்டைக் காலி செய்து, அறுவை மிஷின் ஒன்றை வாங்கிப் போட்டாள். முதலாளி அனுமதித்தார். பிள்ளைக்குப் பொம்மை வைக்க ஒரு மூலை கொடுப்பது போல. பொம்மை சலித்ததும் கல்லாவுக்கு வந்துவிடுவாள் என்பது அவருடைய கணக்கு.

இப்படியிருக்கையில்தான் பேக்கரிக்காரம்மா வந்தார். புதுக் கடை. ஒரு சுவர் முழுக்க மாவு பிசைய மேடை வேண்டும். முதலாளி கல்லைத் தட்டினார். பேக்கரிக்காரம்மா தலையைச் சாய்க்கவில்லை.

"கல்லு மாவைக் குளிர வச்சிடும் முதலாளி. நான் போடறது ரொட்டி. எனக்கு மரம்தான் தோது. மரம் போடற ஆள் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க."

"மரமா? மரம் வீங்கும். வெடிக்கும். கோணும்" என்றார் முதலாளி.

"நான் போட்டுத் தரேன்" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அடாவடி. தலையிலும் புருவத்திலும் மரத்தூள்.

முதலாளி சிரித்தார். வாடிக்கையாளர் எதிரில் கோபப்படுவது அவர் வழக்கமில்லை. "அம்மா, சுவர் நீளத்தை யோசிச்சுப் பாருங்க. அந்த நீளத்துக்கு ஒரே பலகை கிடைக்காது. ரெண்டு பலகையை ஒட்டணும். ஒட்டின இடத்துல மாவு நுழையும். மாவு நுழைஞ்ச இடத்துல எறும்பு நுழையும். எறும்பு நுழைஞ்ச இடத்துல சுகாதார அதிகாரி நுழைவார். எங்கிட்ட அதே நீளத்துக்கு ஒரே கல்லா இருக்கு. ஒட்டும் இல்ல, ஒடசலும் இல்ல."

"என் ஒட்டுல எறும்பு இல்ல, எறும்போட மூச்சுக்காத்து கூட நுழையாது" என்றாள் மகள்.

பேக்கரிக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் வியாபாரிதான். இரண்டு பேர் போட்டி போட்டால் நடுவில் நிற்பவருக்கு நல்லது என்று தெரிந்தவர். "சரி. கடை திறக்கறதுக்கு முந்தின நாள் காலையில வந்து பாப்பேன். மாவு சுரண்டுற தகட்டை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் இழுப்பேன். ஒட்டுல தட்டுச்சுன்னா அன்னைக்கே கல்லு. தட்டலேன்னா மரம். ரெண்டு பேருக்கும் சம்மதமா?"

"கல்லை வண்டியில ஏத்தியே வச்சிருக்கேன்" என்றார் முதலாளி.

அன்று வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் இன்னொரு ஒப்பந்தம் ஆனது. கல் போனால் அவள் ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கல்லாவில் உட்கார வேண்டும். மரம் போனால் ஷெட் அவளுக்கே. கல்லா என்ற பேச்சையே அவர் எடுக்க மாட்டார். அம்மா நடுவில் வந்து, "ரொட்டிக் கடைக்கு மேசை போட வீட்டை ரெண்டாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனாள். இந்த வீட்டில் பேரம் நடக்கும்போது குறுக்கே பேசிப் பயனில்லை என்று அவளுக்கு அனுபவம்.

அடாவடியின் கணவர் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். நாள் முழுக்க மற்றவர்கள் வண்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற வேலை. அதனால் வீட்டிலும் பயம் வந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். இல்லாத பிரேக். மனைவி ஒப்பந்தத்தைச் சொன்னபோதும் அழுத்தினார்.

"தோத்துட்டா?"

"தோத்தா கல்லால உக்காந்து காலம் பூரா, 'சார், இந்தக் கல்லு வெயில்ல வெளுக்காது'ன்னு பொய் சொல்லணும்."

"உனக்குத்தான் பொய் நல்லா வருமே."

"அதான் பயமா இருக்கு" என்றாள்.

பலகைகள் வந்தன. நல்ல கெட்டி மரம், உள்ளங்கை அகல நெடுக்கத் துண்டுகளைச் சேர்த்துக் கனமாகச் செய்தவை. இரண்டையும் நீளவாக்கில் முனையோடு முனை சேர்க்க வேண்டும். வெறும் பசையை நம்பினால், மாவைத் தூக்கி அடிக்கிற அடியில் ஒரு மாதம் தாங்காது. அதற்குத்தான் பிஸ்கட். தின்கிற பிஸ்கட் இல்லை. அழுத்தி இறுக்கிய மரத்தில் செய்த, நீள்வட்டமான மெல்லிய சில்லு. இரண்டு பலகையின் முனையிலும் பிறைநிலா போல வெட்டு விழும். தச்சர்கள் அதைக் காடி என்பார்கள். காடியில் பசை விட்டு, பிஸ்கட்டைப் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் செருகினால், அது பசையின் ஈரத்தைக் குடித்து வீங்கும். வீங்கினால் வராது. ஆண்டவனே இழுத்தாலும் பலகை உடையுமே தவிரப் பிஸ்கட் வராது. போதாததற்கு, அடிப்பக்கம் குடைந்து போல்ட் வைத்து இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்க வேண்டும்.

முதல் பலகையைக் கவிழ்த்தாள். அடியில் போல்ட்டுக்குக் குடைந்தாள். நிமிர்த்தி வைத்து, பிஸ்கட் மிஷினை மேல்முகத்தில் பதித்து, முனையில் காடி போட்டாள். மிஷின் எந்த முகத்தில் உட்காருகிறதோ அந்த முகத்திலிருந்துதான் காடியின் உயரம் கணக்காகும். மேல்முகத்துக்குக் கொஞ்சம் பக்கமாகவே வைத்திருந்தாள்; மேலே பிடிப்பு இறுக்கமாக இருக்கட்டும் என்று. இரண்டாவது பலகையையும் கவிழ்த்தாள். குடைந்தாள். காடி போட்டாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஊதினாள், தடவினாள், பலகையை நிமிர்த்தி, பிஸ்கட்டுகளைப் பசையில்லாமல் செருகி, வாத்தியாரை ஒரு பக்கம் தள்ளச் சொல்லி இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள்.

சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் ஒரு வாசற்படி நின்றது. ஒரு பலகை மேலே, ஒன்று கீழே. தகடு தட்டுவது இருக்கட்டும், தேநீர்க் கோப்பையை நகர்த்தினால் கவிழும்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவன் டீயோடு உள்ளே வந்தான்.

"அப்பா பாத்துட்டு வரச் சொன்னாரு. ஆனா பாக்க வரலன்னு சொல்லச் சொன்னாரு" என்றான்.

"சொல்லிட்டியா?"

"இப்பச் சொல்றேன். பாக்க வரலடீ." குனிந்து பலகையைப் பார்த்தான். "இது என்ன, இப்படித்தான் இருக்குமா? படிக்கட்டு மாதிரி?"

அவள் இரண்டாவது பலகையைக் கொஞ்சம் இழுத்துவிட்டு முனையைத் தடவினாள். விரல் காடியில் விழுந்தது. மேல்முகத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய காடி அடிமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குடைந்து முடித்தவள் காடி போடும் முன் பலகையை நிமிர்த்தவே இல்லை. கவிழ்ந்த பலகையின் முதுகில் மிஷினைப் பதித்துக் காடி போட்டிருக்கிறாள்.

கல் முற்றத்தில் வளர்ந்தவளுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. கல்லைக் கவிழ்த்தால் கவிழ்த்ததுதான். ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் உடைகிற ஆபத்து. அடியில் செய்ய வேண்டிய வேலை, ஓர வேலை எல்லாவற்றையும் கவிழ்ந்தபடியே முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறைதான் நிமிர்த்துவார்கள். நடை பழகுவதற்கு முன்னாலேயே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பழகிவிடும்.

"நம்மதான் கல்லை ரெண்டாவது தடவை திருப்ப மாட்டோமே!" என்றான் பெரியவன், ஏதோ குடும்பப் பெருமையைச் சொல்வது போல.

"அதான் வந்த வினை."

"முதல் பலகையை மட்டும் எப்படித் திருப்புன?"

"அப்ப யோசிச்சு செஞ்சேன். ரெண்டாவது பலகைக்குக் கை தானா செஞ்சிடுச்சு. அண்ணே, அப்பாகிட்ட..."

"சொல்ல மாட்டேன்" என்றான். சொல்ல மாட்டான்தான். ஆனால் அவன் முகம் சொல்லிவிடும். அந்த முகத்தால்தான் கடையில் எத்தனையோ பேர் தப்பித்திருக்கிறார்கள்.

டீ ஆறுவதற்குள் முதலாளி வந்துவிட்டார். படி நிற்கிற இடத்தை விரலால் ஒருமுறை தொட்டார். இரண்டு பலகையின் காடியையும் பார்த்தார். எதைக் கவிழ்ந்தபடியே வெட்டியிருக்கிறாள் என்று சொல்லாமலேயே புரிந்துகொண்டார். மரச்சட்டம் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பில்லை. அதுதான் ஆபத்து.

"வாய் என்ன வேணா சொல்லும்மா. கை பொய் சொல்லாது. உன் கை கல்லுன்னு சொல்லுது."

"கை தப்புன்னு சொல்லுதுப்பா. அவ்வளவுதான்."

"இத பாரு. யாருக்கும் தெரிய வேணாம். பலகை ஈரமா வந்துடுச்சு, மரக்கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நானே அந்த அம்மாகிட்ட சொல்றேன். உன் பேருக்கு ஒரு கீறல் விழாது. கல்லு ஏத்தி ரெடியா நிக்குது. நாளன்னைக்கு நீ கல்லாவுக்கு வா. உன் சீட்டுக்கு எதிர்ல ஏசி மாட்டச் சொல்லியிருக்கேன். விலை நீ சொல்றதுதான். நான் கூடக் குறுக்கப் பேச மாட்டேன்."

மோசமான விலை இல்லை. பேரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியும். தோற்றவருக்குக் கொடுக்கிற விலையா இது? ஏசி, அதிகாரம், மானம் எல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார். அவள் ஒரு கணம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனதுக்குள் எடை போட்டாள் என்பதை மறைப்பானேன், போட்டாள். வாத்தியாரின் வலது கால் தரையை அழுத்தியது.

"மரக்கடைக்காரர் காஞ்ச பலகைதான்பா குடுத்தாரு" என்றாள்.

"அதுக்கென்ன?"

"தப்புப் பண்ணது நான். அதைத் தூக்கி எதுக்கு அவர் தலையில கட்டறீங்க?"

"வியாபாரத்துல இதெல்லாம்..."

"தெரியும். அதுக்குத்தான் அந்தச் சீட்டு வேணாங்கறேன். என் தப்பு எனக்கு வேணும்பா. அது கையில இருந்தாத்தான் சரி பண்ண முடியும். எழுந்திருங்க, அந்தச் சட்டத்துக்குக் கீழதான் பசை டப்பா இருக்கு."

முதலாளி எழுந்தார். மருமகனைப் பார்த்தார். "மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"மாமா, நான் பிரேக் மட்டும்தான். ஸ்டியரிங் அந்தப் பக்கம்" என்றார் வாத்தியார்.

பசை டப்பாவைத் திறந்தாள். தப்பான காடிகளில் பசையை நிரப்பி, பிஸ்கட்டுகளைச் செருகினாள். சேர்ப்பதற்கு இல்லை, அடைப்பதற்கு. முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. "தப்பையே ஒட்டி வச்சுக்கிறியா?" என்றார். "தப்பை நிரப்பி வச்சுக்கிறேன்" என்றாள். காய்ந்த பிறகு நீட்டிக்கொண்டிருந்ததை உளியால் சீவி, முனையைப் பழையபடி தட்டையாக்கினாள். பலகை நிமிர்ந்தே இருந்தாலும், மேல்முகத்தில் சாக்குக்கட்டியால் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். அப்புறமும் ஒரு தடவை குனிந்து, அடியில் பள்ளம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகே மிஷினைப் பதித்துப் புதிதாகக் காடி போட்டாள். சேர்த்துப் பார்த்தபோது விரல் எங்கும் நிற்கவில்லை.

ஆனால் இது பசையில்லாமல் பார்த்தது. பசை போடுவது பேக்கரியில்தான். அந்த நீளத்தை ஒட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு தெருவில் போக முடியாது.

மறுநாள் பேக்கரியில் சுவரோரம் வரிசையாக அலமாரிகள் நின்றன, மேலே கூரையில்லாத வீடு மாதிரி. வாசலில் கல் வண்டி நின்றது. அதன் டிரைவர் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கினார். முதலாளி, 'இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்' என்ற முகத்தோடு வந்து, மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். அவர் அந்தப் பக்கம் வேலையாக வந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. பேக்கரிக்காரம்மா அடுப்புக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். காதை மட்டும் இங்கே வைத்திருந்தார்.

அடாவடி காடிகளில் பசை விட்டாள். முனை முழுக்கத் தடவினாள். பிஸ்கட்டுகளைச் செருகினாள். இனிமேல் திரும்பிப் போக வழியில்லை. பிஸ்கட் குடிக்க ஆரம்பித்துவிட்டது.

"தள்ளுங்க."

வாத்தியாரும் பெரியவனும் தள்ளினார்கள். பலகைகள் நெருங்கின. அவள் ஸ்பேனரோடு அலமாரிக்குள் நுழைந்து மல்லாந்து படுத்தாள். வெளியே அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளேயிருந்து அவளுக்கு மற்றவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. போல்ட்டை ஒவ்வொன்றாக முறுக்கினாள்.

"எப்படி இருக்கு?"

"பின்னாடி மூடிடுச்சு. முன்னாடி மூடல. சின்ன இடைவெளி" என்றார் வாத்தியார்.

இன்னும் முறுக்கினாள். "இப்ப?"

"அதே இடைவெளிதான். எதோ பிஸ்கட் கோணிக்கிட்டு நிக்குது போல."

அதற்குள் பிஸ்கட் வீங்கத் தொடங்கியிருக்கும். வீங்கியது கோணலாகவே வீங்கிவிட்டால் இடைவெளி நிரந்தரம். மேலே மாவு மூட்டை சரசரத்தது. முதலாளி எழுந்திருக்கிறார்.

"சுத்தியல எடுங்க. கட்டை வச்சு, உங்க பக்கத்துக் கோடியில முன் மூலையில ஒரு அடி அடிங்க."

"மெதுவாத்தானே?"

"பலமா!"

"பலமான்னா எவ்வளவு..."

"அடிங்கன்னா அடிங்க! ஒரு தடவையாவது கால எடுங்க பிரேக்கிலேர்ந்து!"

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். பலகை நகரவில்லை, சத்தம் மட்டும் கடையை நிறைத்தது. அடுப்புக்காரர் சண்டையை நிறுத்திவிட்டார். அலமாரிக்குள் படுத்திருந்தவளின் பார்வையில் ஒரு ஜோடிச் செருப்பு வந்தது. பளபளவென்று துடைத்த செருப்பு. ஒட்டுக்கு நேராக வந்து நின்றது. குதிகால் லேசாக உயர்ந்தது. யாரோ முன்னால் சாய்ந்து எடையைப் போடப் போகிறார்கள்.

"அப்பா! கைய எடுங்க!"

"எடை வேணும்டீ. நான் புடிக்கிறேன், நீ முறுக்கு. உள்ள கிடந்து உனக்கு என்ன தெரியும்..."

"எடை வேணும்னு எனக்கும் தெரியும். உங்க எடை வேணாம். இன்னைக்குத் தொட்டீங்கன்னா காலம் பூரா 'நான் புடிச்சேன், அதான் நின்னுச்சு'ன்னு சொல்வீங்க. நின்னாலும் விழுந்தாலும் என்னுதா இருக்கட்டும். கைய எடுங்கப்பா!"

செருப்பு தயங்கியது. தன் வீட்டில் யாரும் தன்னிடம் பேசாத குரலில், ஊர்க்காரர்கள் எதிரில், அதுவும் ஓர் அலமாரி தன்னிடம் பேசியதைக் கேட்ட செருப்பு. அரையடி பின்னால் போனது.

"இன்னொரு அடி. கண்ணைத் திறந்துக்கிட்டு" என்றாள்.

வாத்தியார் கண்ணைத் திறந்துகொண்டு அடித்தார். உள்ளே 'கடக்' என்று ஏதோ தன் இடத்தில் உட்கார்ந்தது. அவள் அதே மூச்சில் முன் போல்ட்டை முறுக்கினாள். இனி சுற்றாது என்கிற வரை முறுக்கினாள். மேலே பெரியவன் கத்தினான்: "பசை வருதுடீ! கோடு முழுக்க முத்து முத்தா வருது!"

பசை வெளியே வந்தால் உள்ளே இடமில்லை என்று அர்த்தம். அவள் அலமாரிக்குள்ளேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வெளியே வந்து, ஈரத்துணியால் பசையை வழித்துவிட்டு, அப்பாவைப் பார்க்காமல் கையைக் கழுவப் போனாள்.

காலையில் பேக்கரிக்காரம்மா சொன்னபடி வந்தார். கையில் மாவு சுரண்டும் தகடு. வாசலில் கல் வண்டி. மாவு மூட்டையில் முதலாளி. அடாவடி அதற்குள் வந்து ஒட்டை இழைத்து, உப்புத்தாள் போட்டுத் துடைத்து வைத்திருந்தாள். சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். கட்டாவிட்டால் அது என்ன செய்யும் என்று அவளுக்கே நம்பிக்கையில்லை.

தகடு இடது கோடியில் இறங்கியது. சர்ர்ர் என்று ஒரே சுருதியில் நடந்தது. நடு வந்தது. சுருதி மாறவில்லை. வலது கோடி வரை போய் நின்றது. பேக்கரிக்காரம்மா திருப்பி இழுத்தார். அழுத்தி இழுத்தார். பிறகு ஒரு பிடி மாவை அள்ளி நடுவில் தூவி, தேய்த்து, துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"கோடு தெரியுது" என்றார்.

முதலாளி துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா! மரத்தோட ரேகை அங்க மாறுது. ஒட்டு கண்ணுக்குத் தெரியுது. எங்கிட்ட இருக்கறது ஒரே கல்லு..."

"கண்ணுக்குத்தான் தெரியுது. கைக்குத் தெரியல" என்றார் பேக்கரிக்காரம்மா. "மாவுக்குக் கண்ணு இல்ல முதலாளி. மரம் இருக்கட்டும்."

அடாவடி கையை அவிழ்த்தாள். வாத்தியார் பெருமூச்சு விட்டார். பெரியவன், "கல்லு கூட நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று ஆரம்பித்து, தங்கையின் பார்வையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

முதலாளி மேடையருகே வந்தார். ஓரத்தைப் பார்த்தார், அடியில் குனிந்து போல்ட்டைப் பார்த்தார், ஒட்டின் மேல் நகத்தை வைத்து முன்னும் பின்னும் இழுத்தார். முட்டியால் தட்டக் கையைத் தூக்கியவர், அது கல் இல்லை என்ற நினைவு வந்து, கையைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓரம் இன்னும் கொஞ்சம் உருட்டியிருக்கலாம்."

"அவங்க நேராத்தான் கேட்டாங்க."

"நிறம் ஒரே மாதிரி இல்ல."

"மரம்பா. அப்படித்தான் இருக்கும்."

"சரி." தொண்டையைச் செருமினார். "கல்லா பேச்சை எடுக்க மாட்டேன்னு சொன்னேன். எடுக்கல. சும்மா ஒரு கேள்விதான். சனிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி. சனிக்கிழமை மட்டும்..."

"வரல."

"காலையில மட்டும்."

"வரல."

"உன் அண்ணன் நேத்து ஒருத்தர எதிர்க்கடைக்கு வழிகாட்டி அனுப்பியிருக்கான்டீ! கூடவே போய் விட்டுட்டு வந்திருக்கான்!"

"அவருக்கு வழி தெரியலப்பா" என்றான் பெரியவன்.

"டீ நேரத்துக்காவது வந்து ஒரு முகம் காட்டிட்டுப் போ. அதுல என்ன குறைஞ்சிடப் போற?"

"டீ குடிக்க வருவேன்" என்றாள். "கல்லாப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்னு குடிப்பேன்."

முதலாளி அவளையே பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசியவருக்கு, எதிராளி இனி இறங்க மாட்டான் என்கிற இடம் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். ஆனாலும் விட மனம் வரவில்லை. இன்னும் ஒரு சொல் பாக்கியிருக்கிறதா என்று தேடினார். அவள் காத்திருக்கவில்லை. எண்ணெய் டப்பாவைத் திறந்து, துணியை நனைத்து, இடது கோடியிலிருந்து மரத்துக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

வெளியே கல் வண்டியின் டிரைவர் விழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "முதலாளி, கல்லு இங்க எறங்கலியாமே. திருப்பிக் கொண்டுபோயி எங்க போடறது? முற்றத்துல இடமில்ல. பின்னாடி உங்க ஷெட்டு வாசல்ல சாத்தி வச்சிடட்டுமா?"

உள்ளே துணி நிற்கவில்லை. அவள் தலையை மட்டும் தூக்கினாள்.

"என் ஷெட்டு வாசல்ல ஒரு சில்லு சாய்ஞ்சிருந்தாலும் அறுத்துப்புடுவேன், சொல்லிட்டேன்!"

டிரைவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தெருவைப் பார்த்தார்.

"வேற எங்கயாவது போடுப்பா" என்றார் எரிச்சலோடு. "அது அவ ஷெட்டு. அவகிட்ட யாரு பேசறது?"